எரநூத்திப் பதினாலாம் லாட்டு

ஆகாதுங்க அம்மிணி. இந்தக் கேள்விய வெச்சுட்டு வெள்ளிக்கெழம லேபர் கோர்ட்டுல நின்னீங்கன்னா கேசு அன்னைக்கே முடிஞ்சுது. நதியா டீக்கு எந்திரிச்சுப் போனப்ப வேற யாரோ அவ கம்ப்யூட்டர்ல உக்காந்து பாஸ் அமுக்கீட்டாங்க. இதத்தான கேக்கப் போறீங்க? கம்பெனிச் சாட்சி நானு. கூண்டுல நின்னுட்டு, அப்படி நடக்கல, நடக்கவும் முடியாதும்பன். நெசமும் அதுதான். அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அடுத்த கேள்வி கேப்பீங்க?

அந்தக் காகிதத்த மடிச்சு உள்ள வைங்க.

அந்தச் சத்தமா? செலை கொத்தறாங்க. பூண்டியில அது நிக்காதுங்க. முன்ன உளிச் சத்தம், இப்ப மிசினு. தூசி சோத்துல வந்து உழுகுது. ஜன்னலச் சாத்துனா வேகும். இருங்க, பழகீரும்.

காபி இல்லீங்க. ஊட்டுக்காரி கோயிலுக்குப் போயிருக்கறா, கிருத்திகை. அவ இல்லாத நேரமாத்தான் உங்கள வரச் சொன்னன். நான் போன் பண்ணுனது நதியாளுக்குத் தெரியுமா? தெரியாட்டி நல்லது. அப்படியே இருக்கட்டும்.

கம்பெனி வக்கீலு நேத்துக் கூப்பிட்டாரு. மயில்சாமியண்ணா, அன்னைக்குக் கம்பெனி விசாரணையில சொன்னத அப்படியே சொல்லீருங்க, கூடவும் வேண்டாம் கொறையவும் வேண்டாமுன்னாரு. சரின்னன். நான் என்னைக்குமே கூடச் சொல்றவன் இல்லீங்க. கேட்டா பதிலு. கேக்காட்டி வாயத் தொறக்கறதில்ல. அந்தப் பனியன் கம்பெனியில முப்பத்தெட்டு வருசம் அப்படித்தான் ஓட்டுனன். ரிட்டயர் ஆகறப்ப ஒரு சால்வையும் செவுத்துக் கடிகாரமும் குடுத்தாங்க. அதா, மேல தொங்குது. மூணு மாசத்துல நின்னு போச்சு. எறக்கலை.

உங்க காகிதத்துல நடந்ததே தப்பா எழுதியிருக்கீங்க. ஊசி முறிஞ்சது நதியா கையில இல்லீங்க. அவ தைக்கறவ இல்ல, ஆறாம் லைனுக்குக் குவாலிட்டி. டெய்லர் பொண்ணு ஒருத்தி கையில முறிஞ்சுது. கைக்கொழந்தைக்குப் போடற துணி. அதுல ஊசி முறிஞ்சா சும்மா உட முடியாது. துண்டு அத்தனையும் பொறுக்கோணும். ரிஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டோணும். ஒட்டுனத சேத்துப் பாத்தா முழு ஊசி வரோணும். அப்பத்தான் அந்தப் பொண்ணுக்கு அடுத்த ஊசி. அன்னைக்கு ரெண்டு துண்டு கெடச்சுது. முனை கெடைக்கலை. நதியா கீழ உக்காந்து டார்ச்சு அடிச்சுத் தேடுனா. காந்தத்தக் கட்டி இழுத்துப் பாத்தா. இல்ல. ரிஜிஸ்டர்ல ரெண்டத்தையும் ஒட்டி, முனை கிடைக்கவில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா. நல்ல எழுத்து அவுளுது. அப்பறம் கம்ப்யூட்டர்ல அந்த லாட்ட, அந்தத் துணி இருந்த கட்டு முழுசையும், ஹோல்டுல போட்டா. ஹோல்டு போட்டா லாட்டு முழுக்க ஊசி கண்டுபுடிக்கற மிசினுக்குப் போகும். பாஸ் போட்டா நேரா பேக்கிங்கு.

எரநூத்திப் பதினாலு பேக்கிங்குக்குப் போச்சு. கப்பல் ஏறுச்சு. எந்த நாடோ, ஆறு மாசக் கொழந்த, அந்த ஊசி முனை தொடையில ஏறிருச்சு.

கம்ப்யூட்டர்ல பாத்தா, லாட்டு எரநூத்திப் பதினாலு, பாஸு, நதியா. அவ பேருதான். ரிஜிஸ்டர எடுத்துட்டு வந்து காட்டுனா. அதுதான் அவளுக்கு எமனாப் போச்சு. முனை கெடைக்கலைன்னு தெரிஞ்சே பாஸ் போட்டிருக்கறான்னு ஆக்கி, வேலைய உட்டு நிறுத்தீட்டாங்க. தெரியாம போட்டிருந்தா கூட வார்னிங்கோட போயிருக்கும்.

குறுக்க பேசாதீங்க, அதுக்குத்தான் வர்றன்.

நீங்க வக்கீலுக்கு முன்ன என்ன படிச்சீங்க? தமிழா. சரி. விசாரணை நடத்துன ஆளு ஏதோ மில்லுல மேனேசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. நாலு வருசமா இந்தக் கேசு செக்குல சுத்தறதுக்குக் காரணம் அதுதான். எல்லாரும் கம்ப்யூட்டர் செசனையே கேக்கறீங்க.

எங்க கம்பெனி கேட்டுக்குள்ள போயிருக்கீங்களா? உட மாட்டாங்க. காலையில வேலைக்கு வர்றவங்க செல்போன செக்யூரிட்டிகிட்டக் குடுத்துட்டுத்தான் உள்ள போகோணும். அவன் வாங்கி ஒரு பொந்துல வெச்சுட்டு வில்லை ஒண்ணு தருவான். வில்லையில நம்பரு மட்டும்தான் இருக்கும். பேரு இருக்காது. சாயங்காலம் நம்பரக் காட்டுனா பொந்தப் பாத்து இன்னாரு போனுன்னு எடுத்துத் தருவான். செசன்னா அவ்வளவுதானுங்க. நதியா பேரும் பாஸ்வேர்டும் போட்டு உள்ள போனா சர்வர்ல அவளுக்கு ஒரு பொந்து. அதுக்குள்ள நதியா, ஆறாம் லைனு, குவாலிட்டின்னு எழுதி வெச்சுக்கும். நம்பர அவ கம்ப்யூட்டருக்குக் குடுத்துரும். அவ எந்தப் பட்டன அமுக்குனாலும் அந்த நம்பரும் கூடவே போகும். ஏன்னா சர்வருக்கு ஞாபகம்னு ஒண்ணு கெடையாது. பதில் சொன்ன அடுத்த நிமிசம் ஆளையே மறந்துரும். மறுக்கா வந்தா நம்பரக் காட்டோணும்.

மத்தவங்க டீக்குப் போறப்ப தெறந்தது தெறந்தபடி போட்டுட்டுப் போயிருவாங்க. நதியா மட்டும் வெளிய வந்துட்டுத்தான் போவா. லாகவுட்டு பண்ணீட்டு எந்திரிங்கன்னு எல்லாருக்கும் சொன்னன், அவ ஒருத்திதான் கேட்டா. அது பதிவுல இருக்குது. டீக்கு முன்ன வெளிய வந்திருக்கறா, டீக்கு அப்பறம் உள்ள போயிருக்கறா. நடுவுல யாரும் இல்ல. செசன் சுத்தம். பேரு சுத்தம். விசாரணையில அவரும் இதையேதான் என்னக் கேட்டாரு. அந்தப் பொண்ணு பேருல வேற ஆளு உள்ள போயிருக்க முடியுமான்னு. முடியாதுன்னன். பொய்யில்ல.

அப்ப நதியாதான் பாஸ் அமுக்குனாளான்னு கேக்கறீங்க.

இல்லீங்க. ஹோல்டுதான் அமுக்குனா.

உக்காருங்க. உக்காந்தாத்தான் சொல்லுவன்.

பட்டன அமுக்குனா அது எங்க போகுது? சர்வ்லெட்டுன்னு ஒரு புரோகிராமு. ஜாவாங்கற கம்ப்யூட்டர் பாஷையில எழுதறது. நான் எழுதுனது, ரெண்டாயிரத்தி நாலுல. அப்ப எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. கட்டிங் செக்சன்ல கிளார்க்கு. மொதலாளி கோயமுத்தூருக்கு அனுப்பி ஆறு மாசம் படிக்க வெச்சாரு. மீச மொளைக்காத பசங்களோட உக்காந்து படிச்சன். இருவது வருசமா அந்த ஒண்ணுதான் கம்பெனி முழுக்க ஓட்டுது. வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கெல்லாம் மொதலாளி காட்டுவாரு. விலைக்கு வாங்குனதில்லீங்க, எங்க மயில்சாமி பண்ணுனதும்பாரு. எனக்கு நெஞ்சு இத்தனை அகலத்துக்கு நிக்கும்.

அந்த சர்வ்லெட்டு தானா ஒரு சோலியும் பாக்காது. கூப்புட்டாத்தான் எந்திரிக்கும். ரிக்வெஸ்ட்டுன்னு வரும். என்ன கேட்டாங்களோ அதுக்குப் பதிலு. அதோட படுத்துக்கும். நல்ல ஜாதி வேலக்காரன்.

பத்துப் பேரு ஒட்டுக்கா அமுக்குனா பத்து சர்வ்லெட்டு வரும்னு நெனைக்காதீங்க. ஒண்ணேதான். ஒரு மேசைன்னு வெச்சுக்குங்க. மேசைக்குச் சுத்தியும் பத்துக் கை வேல செய்யும். ஒவ்வொரு கைக்கும் தனித்தனியா துண்டுச் சீட்டு. லாட்டு நம்பரு, ஆளு பேரு, எல்லாத்தையும் அதது சீட்டுல எழுதிக்கும். அடுத்த கை அதத் தொட முடியாது. அப்படி எழுதுனா ஒரு வம்பும் இல்ல. ஆனா சீட்டுல எழுதாம மேசை மேலயே எழுதுனா? மேசை எல்லாத்துக்கும் பொதுவு. ஒரு கை எழுதீட்டுத் திரும்பிப் படிக்கறதுக்குள்ள இன்னொரு கை அத அழிச்சுட்டு எழுதிப்போடும். கோயமுத்தூர்ல மொத வாரமே சொல்லிக் குடுத்தது. மேசை மேல எழுதாதேன்னு. நோட்டுல ரெண்டு கோடு போட்டு வெச்சிருந்தன்.

மொதல்ல பாஸ் மட்டும்தான் இருந்துது. ஹோல்டுன்னு ஒண்ணே கெடையாது. வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வந்து, ஊசி கெடைக்காட்டி லாட்ட எப்படி நிறுத்துவீங்கன்னு கேட்டாங்க. மொதலாளி சனிக்கெழம சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, திங்கக்கெழம மறுபடி வர்றாங்க, பட்டன் இருக்கோணும்னாரு. பேத்திக்கு அன்னைக்குக் காது குத்து. கொமரலிங்கத்துக்குப் போகோணும். ஞாயித்துக்கெழம விடிய முன்னயே வந்து ஒரு மணி நேரத்துல ஹோல்ட சேத்துட்டு வண்டி ஏறீட்டன். லாட்டு நம்பரு சீட்டுல. ஆளு பேரு சீட்டுல. பாஸா ஹோல்டாங்கற அந்த ஒண்ண மட்டும் மேல போட்டுட்டன்.

மேசை மேலதான். ஆமாங்க. வேற யாரு, நான்தான்.

ஒரு வருசம் ஒண்ணும் ஆகலை. ஹோல்டு போடறதே அபூர்வம். ரெண்டு பேரு ஒரே நொடியில அமுக்கறது அதவிட அபூர்வம். அன்னைக்கு சாயங்காலம் நாலு மணி பன்னெண்டு நிமிசம் முப்பத்தேழு செகண்டு. எழுதிக்குங்க. நதியா ஆறாம் லைன்ல ஹோல்டு அமுக்கறா. மேசை மேல ஹோல்டுன்னு உழுகுது. அதே செகண்டு அக்கட்டால ரெண்டாம் லைன்ல முனீஸுன்னு ஒருத்தன், நூத்தித் தொண்ணூத்தி எட்டாம் லாட்டுக்கு பாஸ் அமுக்கறான். ஹோல்ட அழிச்சுட்டு பாஸுன்னு உழுகுது. நதியாளுக்கு வேல செய்யற கை அப்பத்தான் மேசையத் திரும்பிப் பாக்குது. சீட்டுல நதியா. சீட்டுல எரநூத்திப் பதினாலு. மேசையில பாஸு. அப்படியே அள்ளிட்டுப் போயிப் பதிஞ்சுருச்சு.

அவ ஸ்கிரீனா? பதிவு ஆச்சுன்னு மட்டும்தான் காட்டும். என்ன பதிவு ஆச்சுன்னு காட்டாது. அதும் நான் எழுதுனதுதான்.

முனீஸு மேல ஒண்ணுமில்லீங்க. அவன் பாஸ் அமுக்குனான், அவன் லாட்டு பாஸ் ஆச்சு. அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இப்ப சூப்பர்வைசரு. பைக்குல போறப்ப என்னப் பாத்தா நிறுத்தி, சௌக்கியமான்னு கேக்கறான்.

என்ன எழுதிட்டே இருக்கறீங்க? சீக்கிரமா எழுதுங்க. பூசை முடிஞ்சா ஊட்டுக்காரி வந்துருவா.

விசாரணை நாளு. கான்பரன்ஸ் ரூம்பு. ஏசி போட்டிருந்தாங்க. அந்தப் பொண்ணு நின்னுட்டு இருந்தா. கூட யாரும் வரலை. புருசன் ராபினு லோடு ஏத்தப் போறவன், லீவு குடுக்கல. திருநெல்வேலிப் பக்கத்துக்காரங்க, இங்க ஒறவுன்னு யாரு இருக்கறாங்க. விசாரிக்கற ஆளு என்ற மூஞ்சியப் பாத்து அந்த செசன் கேள்வியக் கேட்டாரு. நான் பதில் சொல்லறதுக்கு முன்ன அவ பேசுனா. அது மினிட்ஸ்ல இருக்காது. எழுதலை.

சார் செஞ்ச பெட்டிதான இது, சார் சொன்னா நான் ஒத்துக்கிடுதேன்னா.

அப்படியே சொன்னா. என்னப் பாத்து.

நான் முடியாதுன்னன். செசன்ல வேற ஆளு வர முடியாதுன்னன். அவரு எழுதிக்கிட்டாரு. அவ தலைய ஆட்டிட்டு, காகிதத்த வாங்கிக் கையெழுத்துப் போட்டா. ரிஜிஸ்டர்ல போட்ட அதே கையெழுத்து.

ஏன் சொல்லலைன்னா? கேக்கலீங்களே. பாஸ், ஹோல்டு மாறிப் பதிய வாய்ப்பிருக்கான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பன்னு எனக்கே தெரியாது. கேக்கலை. கேட்டதுக்கு நெசத்தச் சொன்னன். வெளிய வந்து கை கழுவீட்டு சோறு தின்னன். அன்னைக்கு கம்பெனி மெஸ்ஸுல தக்காளிச் சோறு. ஞாபகம் இருக்குது பாருங்க, இந்தக் கெரகம்.

மொதலாளிக்குப் பயந்துட்டேன்னு நீங்க நெனைக்கறீங்க. அப்படியே எழுதிக்குங்க, கேக்கறதுக்கும் நல்லா இருக்கும். பயமில்லீங்க. அவரு என்னைய என்ன பண்ணியிருப்பாரு, ரெண்டு சத்தம் போட்டிருப்பாரு. எங்க மயில்சாமி பண்ணுனதும்பாரே. அது நின்னு போயிருக்கும். அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தைக்காக ஒரு பொண்ணு தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டு, நெஞ்ச நிமித்திட்டு நின்னவன் நானு.

அவளப் பத்தி எனக்குச் சொல்ல வேண்டாம். தெரியும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பேரக் கேட்டதும் போன் அடிச்சு விசாரிச்சுட்டு, அப்பறம் சொல்லி அனுப்பறமுன்னு அனுப்பீர்றாங்க. கொழந்தைக்கு ஊசி குத்த உட்டவன்னு எழுதாத எழுத்து. பதினோரு வருசம் குவாலிட்டி பாத்தவ, இப்ப ஊட்டுல உக்காந்து துணியில நூல் பிசிறு வெட்டறா. போன மாசம் அவினாசியில பஸ்ஸுல பாத்தன். மூட்டையோட ஏறி உக்காந்தா. என்னப் பாத்துட்டு எந்திரிச்சு எடம் குடுக்க வந்தா. மூட்டைய இடுப்புல இடுக்கீட்டு, நீங்க உக்காருங்க சார்ன்னா.

நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கீட்டன். அங்கிருந்து நடந்தன். மூணு மைலு.

அதனாலதான் கூப்பிட்டனான்னு கேட்டா, இருக்கலாம். தெரியலை. அதெல்லாம் உங்க கேசுக்கு ஆகாது.

இப்பச் சொன்னதெல்லாம் நீங்க கோர்ட்டுல சொல்ல முடியாதுங்க. ஆதாரம் கேப்பாங்க. மேசை, சீட்டுன்னு நீங்க பேசுனா கம்பெனி வக்கீலு சிரிப்பாரு. இப்ப அந்த சர்வ்லெட்ட எந்த இன்ஜினியர உட்டுப் பாத்தாலும் சரியாத்தான் இருக்கும். பாஸு ஹோல்டு எல்லாம் சீட்டுலதான் இருக்குது. மேசை மேல ஒண்ணுமில்ல. நல்லா எழுதியிருக்கறாருன்னு சொல்லுவாங்க.

ஆமாங்க. மாத்தியாச்சு.

விசாரணைக்கு மொத நாளு மேனேசரு வந்து அன்னைக்குப் பதிவ பிரிண்டு எடுத்துக் குடுங்கன்னாரு. எடுத்தன். கீழயும் மேலயும் ரெண்டு வரி. ஒரே நிமிசம், ஒரே செகண்டு, ரெண்டு பாஸு. பிரிண்டரு பக்கத்துலயே நின்னுட்டன். அப்பறம் ரூமுக்கு வந்து அந்த ஃபைலத் தெறந்தன். மேல கெடக்குது அந்த ஒரு வரி. மேசையில இருந்து வெட்டிக் கீழ சீட்டுல ஒட்டுனன். சர்வர நிறுத்தி மறுக்கா எடுத்து உட்டன். ஃப்ளோர்ல இருந்தவங்க அத்தன பேரையும் வெளிய தள்ளிருச்சு, பொந்தெல்லாம் காலி. ஏன் கம்ப்யூட்டரு மறுபடி பேரு கேக்குதுன்னு பொண்ணுங்க சத்தம் போட்டாங்க. மணி அப்ப ஆறு பத்து. பழைய ஃபைலு அதே போல்டர்லதான் கெடக்குது, பேரு மட்டும் மாத்தி வெச்சன். அழிக்கலாம்னு பத்து தடவ மவுஸக் கொண்டு போயிருப்பன். அழிக்கலை. ஏன்னு கேக்காதீங்க. அடுத்த நாளு காலையில பதினோரு மணிக்கு அந்த ஏசி ரூம்ல உக்காந்துட்டுத்தான் முடியாதுன்னு சொன்னன்.

அவ என்னப் பாத்து, சார் சொன்னா ஒத்துக்கிடுதேன்னு சொன்னப்ப எனக்குத் தெரியும்.

பேனாவ எடுங்க. பழைய காகிதத்தக் கிழிச்சுப் போடுங்க. கோர்ட்டுல நானா எதும் சொல்ல மாட்டனுங்க, என்ற கொணம் அப்படி, கூண்டுல ஏறுனா வாயி பூட்டிக்கும். கேக்கோணும். செசனப் பத்திக் கேக்காதீங்க. ஒரே கேள்வி. செப்டம்பர் பதினாறு, விசாரணைக்கு முந்தின நாளு, சாயங்காலம் ஆறு மணிக்கு, அந்த ஃபைல்ல எந்த வரிய எடுத்து எங்க வெச்சேன்னு.

கேக்கறப்ப நீங்க, வாங்கன்னு மரியாதையெல்லாம் வேண்டாம் அம்மிணி. நீன்னே கேளுங்க.